பெயர் மாற்றம்

சாண்ட்ரோவை விற்று இரண்டு வருடம்.
அபராதம் இன்னும் எனக்குத்தான் வருகிறது.

முதல் குறுஞ்செய்தி பட்டுக்கோட்டையிலிருந்து:
சீட் பெல்ட் அணியவில்லை, ஆயிரம் ரூபாய்.
புரோக்கர் பக்கிரிசாமியைக் கூப்பிட்டேன்.
"ஆர்சி புக்கு அடுத்த வாரம் மாத்திருவாங்கக்கா.
கூத்தாநல்லூர் பார்ட்டி, தங்கமான மனுசன்."
தங்கத்தின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தது நாகூர்.
நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தம்.
கந்தூரி நேரம், வேறெங்கே நிறுத்துவார்கள்.
பிறகு திருத்துறைப்பூண்டி, அளவை மீறிய பாரம்.
படமும் இணைத்திருந்தார்கள்:
கூரைமேல் ஒரு பீரோ, பீரோமேல் ஒரு சைக்கிள்,
பின்கண்ணாடியில் நான் ஒட்டிய சிவப்பு எல்.

நாற்பத்தொரு வயதில் ஓட்டப் பழகியவள் நான்.
லைசன்ஸ் வந்த பிறகும் அதைப் பிய்க்கவில்லை,
மன்னார்குடி பஸ்காரர்கள்
கொஞ்சம் ஒதுங்கிப் போவார்கள் என்று.
ஒதுங்கினார்கள்.

"ஆர்டிஓ ஆபீஸ் போய் முடித்துத் தொலை.
நாளைக்கு எவனாவது ஆளை இடித்துவிட்டுப் போனால்
போலீஸ் நம் வாசலுக்குத்தான் வரும்" என்கிறார் இவர்.
சரியாகத்தான் சொல்கிறார்.
விண்ணப்பத்தை நிரப்பி ஃப்ரிட்ஜ்மேல் வைத்திருக்கிறேன்,
கரண்ட் அட்டைக்கு அடியில்.

குறுவை அறுப்பிலிருந்து தை வரை ஒன்றுமே வரவில்லை.
பல் விளக்கும்போது தோன்றும்:
அரியமங்கலத்தில் எடைக்குப் போட்டிருப்பார்களோ.
கதவு நாலும் ஒரு குவியல், இன்ஜின் ஒரு குவியல்,
டேஷ்போர்டு இடுக்கில் விழுந்த என் மூக்குத்தித் திருகு
எந்தத் தராசில் ஏறியதோ.

வெண்ணாறு உடைத்துக்கொண்ட வருடம்
கதவளவு தண்ணீரில் நின்றுவிடாமல்
என்னைக் கரை சேர்த்த வண்டி
என்று எழுத ஆசைதான்.
நின்றுவிட்டது.
டிராக்டர் வைத்து இழுத்தோம்.

மாசியில் ஒரு காலை, பால் பொங்குகிற சமயம்:
காரைக்கால் போகும் சாலை,
இரவு மணி ஒன்று நாற்பது,
அதிவேகம், நூற்றுப் பதினொன்று.

என்னிடம் அது அறுபதைத் தொட்டதில்லை.
அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி படித்தேன்.
நூற்றுப் பதினொன்று.
யாருக்குப் பிரசவமோ,
யார் யாரோடு ஓடினார்களோ,
இல்லை, சும்மா காற்றுக்காகவோ.
மற்றதையெல்லாம் பக்கிரிசாமிக்கு அனுப்பிவிடுவேன்.
அதை மட்டும் நானே கட்டினேன்.
இவரிடம் சொல்லவில்லை.

நேற்று நீடாமங்கலம் கேட்.
சரக்கு ரயிலுக்கு இன்ஜின் மாற்றுகிறார்கள்,
முக்கால் மணி ஆகும் என்றான் வெள்ளரிப்பிஞ்சு விற்றவன்.
கம்பிக்கு அந்தப் பக்கம் முதல் வண்டி, அது.
நம்பரைப் படிக்கும் முன்பே தெரிந்துவிட்டது.
நீலம் வெளுத்து, பம்பரை நைலான் கயிற்றில் கட்டி,
பக்கத்து சீட்டில் நண்டுக் கூடை,
ஸ்டியரிங்கில் இருபது வயதுப் பெண் ஒருத்தி,
யாரிடமோ போனில் சண்டை போட்டுக்கொண்டு.
பெல்ட் போடவில்லை.

தோளிலிருந்து இடுப்புக்குக் கையை இழுத்துக் காட்டினேன்.
துப்பட்டா கதவில் மாட்டியிருக்கிறது போல என்று
கதவைத் திறந்து, குனிந்து பார்த்து, சாத்திவிட்டு
எனக்கு நன்றியாகத் தலையசைத்தாள்.
மறுபடி சண்டைக்குப் போனாள்.

கேட் ஏறியதும் வழக்கம்போல
இந்தப் பக்கத்தார் சாலை முழுவதையும்
அந்தப் பக்கத்தார் சாலை முழுவதையும் அடைக்க,
தண்டவாளத்தின் மேல்
கைக்கெட்டும் தூரத்தில் ஊர்ந்தோம்.
இரண்டு கண்ணாடியும் இறங்கியிருந்தன.
நண்டு வாடை.

"ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்கும்,
பாத்துப் போடும்மா" என்றேன்.

"இல்லக்கா, கியர்பாக்ஸ் மாத்தியாச்சு" என்றாள்,
இது உனக்கு எப்படித் தெரியும் என்று
கேட்கத் தோன்றாமல்.

பின்னால் திருவாரூர் பஸ் ஹாரனை எடுக்கவேயில்லை.
என் புது வண்டிக்கு கிளட்ச் கிடையாது.
இடதுகால் மட்டும் போய்
வெறும் தரையை ஒருமுறை மிதித்துவிட்டு வந்தது.